கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்த பறவைகள்

வீடு, கடை ஜன்னல்களுக்குக் கண்ணாடி மாட்டுகிற கண்ணாடிக்காரருக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. அடுப்படிக்கும் தோட்டத்துக்கும் நடையாய் நடந்தார். சும்மாவே ஓரிடத்தில் உட்காராத மனிதர்; இப்போது கேட்கவே வேண்டாம்.

அவர் மனைவி படியில் தவறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு மூன்று மாதமாகிறது. எலும்பு கூடிவிட்டது, இனி நடந்துதான் ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கட்டிலை விட்டு இறங்க மறுத்தாள். கேட்டால் "நாளைக்கு" என்பாள். அந்த நாளை வந்தபாடில்லை. இப்படியே நிரந்தரமாகப் படுத்துவிடுவாளோ என்று அவர் பயந்தார்.

அவள் மனசு கொஞ்சம் தெளியட்டும் என்றுதான் கட்டிலுக்கு எதிர்ச்சுவரை இடித்து, தோட்டம் தெரிகிற மாதிரி ஆளுயர ஜன்னல் கண்ணாடி மாட்டினார். இலையுதிர் காலம்; வடக்கே குளிர் தொடங்கி, தெற்கே போகிற பறவைகள் வழியில் இறங்கி இளைப்பாறுகிற நேரம். தோட்டத்து மரக்கிளையில் தானியத் தட்டைத் தொங்கவிட்டார். அகலமான தட்டில் தண்ணீர் வைத்து, தினமும் கழுவி மாற்றினார். மஞ்சள் மார்புக் குருவிகள் வந்தன. பேர் தெரியாத சாம்பல் நிறப் பொடியன்கள் வந்து தண்ணீரில் குதித்துக் கும்மாளம் போட்டன. பல வாரம் கழித்து அவள் சிரித்தாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. காலையும் மாலையும் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்தார். மாட்டின கண்ணாடி இருப்பதே தெரியக்கூடாது என்பது அவருடைய தொழில் கர்வம்.

பறவைகளுக்கும் அது தெரியவில்லை. தட்டிலிருந்து எழும்பியவை, கண்ணாடியில் தெரிந்த மரத்தை நிஜ மரம் என்று நம்பி நேரே வந்து மோதின. முதலாவதை அவள் தூக்கத்தில் இருந்தபோது எடுத்துப் புதைத்தார். அடுத்ததைப் புதைக்கும்போது செடிக்கு உரம் வைப்பதாகப் புளுகினார். திரை போட்டுப் பார்த்தார். உள்ளே இருட்டானதும் கண்ணாடியில் மரம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. முப்பது வருஷ அனுபவசாலிக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டாமோ! தானியத் தட்டையே எடுத்துவிடலாம்தான். எடுத்துவிட்டால் அவள் எதைப் பார்ப்பாள்?

அன்று அவளுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்கும்போது மறுபடி 'தொப்' என்றது.

"காத்துல கதவு அடிக்குது," என்றார்.

"ஆறு," என்றாள் அவள்.

"என்ன ஆறு?"

"நேத்து வரைக்கும் அஞ்சு செத்துது. இதோட ஆறு. எனக்கு இடுப்புதான் ஒடைஞ்சுது, காது நல்லாத்தான் இருக்கு."

அவர் திருதிருவென்று முழித்தார். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"ஆசை ஆசையா மாட்டினீங்க. எப்படிங்க சொல்றது? எந்தப் பறவை வந்தாலும் இது முட்டிக்குமோன்னு பதறிக்கிட்டே கெடக்கறேன்."

அவர் கட்டில் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"புதுசா மாட்டின கண்ணாடியில மனுஷங்க முட்டிக்கக் கூடாதுன்னு சுண்ணாம்புல பெருக்கல் குறி போடுவீங்கல்ல?" என்றாள். "இதுங்களுக்கும் போட வேண்டியதுதானே?"

"ஒரு குறி பத்தாது. இடைவெளி இருந்தா பூந்துரலாம்னு நெனைக்கும். நெருக்கமாக் கோடு இழுக்கணும். அப்புறம் உனக்கு ஒண்ணும் சரியாத் தெரியாது."

"இழுங்க."

செத்ததைப் புதைத்துவிட்டு, சுண்ணாம்பைக் குழைத்தார். வெளிப்பக்கத்தில் மூன்று விரல் இடைவெளியில் மேலிருந்து கீழாகக் கோடுகளாக இழுத்தார். கண்ணாடியில் ஒரு விரல்தடம் பட்டாலே எரிந்துவிழுகிறவர் தன் கையாலேயே அதைப் பாழாக்கினார். முடித்துவிட்டு உள்ளே வந்தபோது அவள் கழுத்தை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதி மரம்தான் தெரியுது. குருவி எங்க உக்காந்திருக்குன்னே தெரியல."

"அதான் அப்பவே சொன்னேனே."

அவள் போர்வையை விலக்கினாள். "கையைக் குடுங்க. வெளியே போய்ப் பாத்துக்கறேன்."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

கட்டிலிலிருந்து தோட்டத்துக் கதவு பத்தடி தூரம் இருக்கும். போய்ச் சேர அரை மணி நேரம் ஆயிற்று. கண்ணாடிக்காரர் ஒருதடவைகூட அவசரப்படுத்தவில்லை.