இருநூறு மீட்டர் கம்பி

கடலில் விழுந்து பதினோரு மாதம் ஆகியிருந்த விஞ்ச்காரரின் தும்மல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆராய்ச்சிக் கப்பலின் வலையில் ஏறி வந்தது. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு மிதவை உயிரிகளைப் பிடிக்கிற வலை அது. அடியில் ஒரு குடுவை தொங்கும். குடுவையைத் திறந்ததும் மூன்று தும்மல்கள் வந்தன, மூன்றாவது வழக்கம்போல் பாதியிலேயே நின்றது. யாருடையது என்று தளத்தில் ஒருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சமையல்காரர் பழக்கதோஷத்தில் "நூறாயுசு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தலைமை விஞ்ஞானி பதிவேட்டில் 'இதர' என்ற இடத்தில் மூன்று என்று எழுதி, பிறகு நியாயம் பார்த்து இரண்டரை என்று திருத்தினார்.

விஞ்ச்காரரின் மனைவியும் அதே கப்பலில்தான் வேலை பார்த்தாள். கோணக்காரி என்று பெயர். இருநூறு மீட்டர் கம்பி விட்டால் வலை இருநூறு மீட்டர் ஆழத்தில் இருக்கும் என்று நினைப்பவர்கள் கரையிலேயே இருந்துவிடுவது நல்லது. கப்பல் நகர நகரக் கம்பி பின்னால் சாயும். சாய்வு கூடக் கூட வலை மேலே வந்துவிடும். ஆகவே விஞ்ச்காரர் விஞ்ச் உருளையைச் சுழற்றிக் கம்பியை விட்டு மீட்டரைக் கூவுவார், அவள் கம்பியில் கோணமானியை வைத்து டிகிரியைக் கூவுவாள், கொசைன் அட்டவணையைப் பார்த்துப் பெருக்கினால் உண்மையான ஆழம் கிடைக்கும். ஒன்பது வருடம் இப்படியே குடும்பம் நடந்தது. கடைசி வாரத்தில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக் கட்டிலைத் தூக்கித் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று நாள் எண்களைத் தவிர இருவரும் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஓர் அலை அவரை அள்ளிக்கொண்டு போனது. அவரிடம் அவள் கடைசியாகச் சொன்னது, முப்பத்தெட்டு.

தும்மல் வந்த அன்றுதான் அவள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். கோணமானியைக் கம்பியில் வைத்தபோது கண் நிறைந்துவிட்டது, முள் தெரியவில்லை. அடுத்த இழுப்பில் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று கோணத்துக்கு உரிய கட்டத்தைக் காலியாக விட்டாள். கம்பி இருநூறு, வேகம் இரண்டு, கோணம் ஒன்றுமில்லை. அவர் அங்கே இருக்கிறார் என்பது தெரிந்துவிட்டது, எத்தனையாவது மீட்டரில் என்பதுதான் தெரியவில்லை. அந்த வேகத்தில் கம்பி ஐம்பது டிகிரிக்கு மேல் சாய வழியே இல்லை என்பதால், அவர் நூற்றிருபத்தெட்டுக்கும் இருநூறுக்கும் நடுவில் எங்கோ இருக்க வேண்டும். அவள் ஆறு வருடம் ஒரு மீட்டர் விடாமல் தேடினாள். வலை வாயை மூடிக்கொண்டு இறங்கும்; சரியான ஆழத்துக்குப் போனதும் கம்பியில் ஒரு பித்தளை எடையை நழுவவிட்டால்தான் வாய் திறக்கும், இன்னொன்றை விட்டால் மறுபடி மூடிக்கொண்டு ஏறும். நூற்றுத் தொண்ணூறில் யாரோ ஒரு பெண்ணின் கொட்டாவி வந்தது. நூற்று நாற்பதில் யாரும் உரிமை கொண்டாடாத ஒரு முணுமுணுப்பு. எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கடலுக்கே அனுப்பினார்கள். அவள் பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. அவர் வாயிலிருந்து எண் அல்லாத ஒரு வார்த்தை போதும் என்றிருந்தாள். அந்த ஏக்கத்திலேயே தலை பாதி நரைத்துவிட்டது.

நூற்றிருபத்தெட்டாவது மீட்டரிலும் ஒன்றும் இல்லை என்று ஆனதும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் கட்டினாள். அப்போதுதான் எஞ்சின்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார்.

"அக்கா, அன்னிக்கு வேகம் ரெண்டுன்னு எழுதினேன். ஓட்டினது நாலு. வீட்டுல வலி எடுத்துடுச்சுன்னு ரேடியோவுல சொன்னாங்க. வலை தண்ணிக்குள்ள இருக்கறதே மறந்துபோச்சு."

முதலில் வேலை போய்விடும் என்ற பயத்தில் சொல்லவில்லை, அப்புறம் இத்தனை நாள் சொல்லாத வெட்கத்தில் சொல்லவில்லை. அன்று பிறந்த மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். கோணக்காரி அவரைத் திட்டவில்லை. எஞ்சினை நாலில் ஓட்டச் சொல்லி, இருநூறு மீட்டர் கம்பி விட்டு, கோணமானியை வைத்துப் பார்த்தாள். எழுபது டிகிரி. அட்டவணைப்படி ஆழம் அறுபத்தெட்டு மீட்டர். ஆறு வருடமாக ஒவ்வொரு முறையும் வாய் மூடிய வலை அவர் பக்கத்திலேயே இறங்கி, அவர் பக்கத்திலேயே ஏறி வந்திருக்கிறது. இதை நினைத்ததும் அவள் தளத்திலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். எஞ்சின்காரரும் கூட உட்கார்ந்து அழுதார்.

வேகத்தைக் குறைத்து, வலையைச் சரியாக அறுபத்தெட்டில் நிறுத்தி, எடையை விட்டார்கள். குடுவை மேலே வந்ததும் அவளே மூடியைத் திருகினாள்.

"இன்னும் கோவமாத்தான் இருக்கியா?" என்று கேட்டார் விஞ்ச்காரர்.

அவள் குடுவையை வாயருகே வைத்துக்கொண்டாள். "கோவமெல்லாம் எப்பவோ போச்சுங்க. ஆழத்தைத்தான் தப்பாப் பார்த்துட்டேன்."

மூடியைத் திருகிக் கீழே அனுப்பினாள். அன்று வலை நான்கு முறை இறங்கி ஏறியது. கட்டில் விஷயம் நான்காவது இழுப்பில்தான் தீர்ந்தது. தலைமை விஞ்ஞானி ராஜினாமாக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தின் ஆழப் பட்டியலில் ஒரு சிறு திருத்தம் செய்தார். இப்போது கடல்நீர் மாதிரி எடுக்க வருகிற கப்பல்கள் எல்லாம் அங்கே அறுபத்தெட்டை விட்டுவிட்டு எழுபது மீட்டரில் எடுத்துக்கொள்கின்றன.