ஊர்வலம் போன கட்டில்கள்

ராணுவ மருத்துவமனையின் மூன்றாம் வார்டில் ஒரு விதி கொடிகட்டிப் பறந்தது. கட்டிலில் ஆள் இருந்தால் தட்டு வரும். ஆள் இல்லையேல் தட்டும் இல்லை. ஒருவருக்குரிய பத்தியச் சாப்பாட்டை முன்னொரு நாள் இன்னொருவர் உண்டு, இருவர் வயிறும் கெட்டபின் பிறந்த விதி அது. சாப்பாட்டு வண்டி பன்னிரண்டு மணிக்கு வரும். காயம்பட்ட வீரர்கள் கீழ்த்தளப் பயிற்சிக் கூடத்தில் நடைபழகும் நேரமும் அதுவே. வேறு நேரத்தில் கூடம் அவர்களுக்குக் கிடையாது. ஆக, எழுந்து நடந்தவர் பட்டினி. இழுத்துப் போர்த்திப் படுத்தவருக்கு விருந்து.

இதன் விளைவை முதலில் கண்டவர் இயன்முறை மருத்துவர். திங்களன்று பயிற்சிக்குப் பதினால்வர் வந்தனர், புதனன்று மூவர். வராதவருள் தலையாயவர் மீசைக்காரர். குண்டு துளைத்த அவருடைய முழங்கால் அடுத்த சனிக்கிழமைக்குள் தொண்ணூறு பாகை மடங்கியாக வேண்டும். இல்லாவிடில் மறுபடியும் கத்திதான் என்று அறுவை மருத்துவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"கால் எழுபதுலயே நிக்குதுண்ணே. இப்படியே படுத்திருந்தா கட்டையாயிடும்" என்றார் இயன்முறை மருத்துவர்.

"கால் மடங்க மாட்டேங்குது, சரி. பயிற்சிக்கு வந்தா வயிறு மடங்கி முதுகோட ஒட்டிக்குதே டாக்டரம்மா, அதுக்கு என்ன பயிற்சி?"

"சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு."

"போன வாரமும் பொறுப்பேத்துக்கிட்டீங்க. ரெண்டு பிஸ்கட் வந்துச்சு."

வார்டே சிரித்தது. மருத்துவர் முகம் சிவக்க, மூன்றாம் மனுவோடு நிர்வாக அதிகாரியின் அறைக்கு ஏறினார்.

"மேலிடத்துக்கு அனுப்பியிருக்கேம்மா. மூணு மாசத்துல பதில் வந்துடும்."

"முட்டி மூணு மாசம் காத்திருக்காது சார். தட்டைக் கீழே அனுப்பினா போதும்."

"விதியில கட்டில்னு இருக்கு. கட்டில்ல ஆள் இருக்கட்டும், எங்க வேணும்னாலும் அனுப்பறேன்."

"எங்க வேணும்னாலுமா சார்?"

"எங்க வேணும்னாலும்" என்றார் அதிகாரி, ஆள் போனால் போதும் என்று.

வார்டுக் கட்டில் ஒவ்வொன்றுக்கும் நான்கு சக்கரங்கள் உண்டென்பதை அவர் அந்நேரம் எண்ணிப்பார்க்கவில்லை.

மறுநாள் பதினொன்றரைக்கு ஊர்வலம் புறப்பட்டது. கையில் கட்டுப்போட்டவர்கள் தோள்கொடுத்துத் தள்ள, காலில் கட்டுப்போட்டவர்கள் மேலே சாய்ந்தபடி வழிசொல்ல, செவிலியர் இருபுறமும் பிடித்துவர, பதின்மூன்று கட்டில்கள் சாய்தளம் வழியே தேர்போல் அசைந்திறங்கின. பதினான்காவது கட்டில் ஒரு திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. அதன்மேல் மீசைக்காரர்; அதன்பின், கீழே செல்ல வழியின்றி நின்றவர் நிர்வாக அதிகாரி.

"கொஞ்சம் இறங்குய்யா. கட்டில் நகரட்டும்."

"இறங்கினா சாப்பாடு போயிடும் சார். விதி."

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். தள்ளிவந்தவர்கள் மற்றக் கட்டில்களோடு கீழே போய்விட்டிருந்தனர்; உதவிக்கு ஈ காக்கைகூட இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, விதியை வாய்க்குள் வைதபடி, மீசைக்காரரைத் தாமே கீழே தள்ளிச்சென்றார்.

ஆளற்ற வார்டைக் கண்டு திகைத்துப்போன வண்டிக்காரர் விசாரித்துக்கொண்டு கூடத்திற்கு வந்து சேர்ந்தபோது, பதினான்கு கட்டில்களில் பதினான்கு பேர் கைகழுவித் தயாராக இருந்தனர்.

"நாளைக்கும் இதே கூத்தாம்மா?" என்று மூச்சுவாங்கினார் அதிகாரி.

"தினமும்தான் சார். பதில் வர்ற வரைக்கும்."

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். மருத்துவர் நீட்டிய மனுவின் ஓரத்திலேயே எழுதினார்: மேலிடத்துப் பதில் வரும்வரை, பயிற்சிக்கு வந்தோருக்குப் பயிற்சிக் கூடத்திலேயே உணவு. எழுதி முடித்ததும் தோளைத் தடவிக்கொண்டார். கட்டில் கனம் அப்படி.

அன்றுமுதல் மீசைக்காரர் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்தார். கூடத்தில் எல்லோரோடும் கூடி உண்ணும் சாப்பாடு அவருக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த சனிக்கிழமை அறுவை மருத்துவர் கருவி வைத்து அளந்தார். தொண்ணூற்றிரண்டு. கத்தி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீசைக்காரர் முகம் ஏனோ வாடியது.

"அப்ப இனிமே என்னைக் கீழ வர வேணாம்னுடுவீங்களா?"

"இன்னும் ஒரு மாசம் வரணும்ண்ணே."

"சாப்பாடு?"

"இங்கயேதான்."

அவர் நிம்மதியாகச் சாய்ந்து, நலமாயிருந்த மற்றக் காலையும் நீட்டினார்.

"இதையும் ஒரு தடவை அளந்துடுங்க. இதுவும் கொஞ்சம் மக்கர் பண்ணுது."