தம்பியிடம் சொல்ல ஒரு விலை

ஊர் உலகத்தில் கூடப்பிறந்தவர்கள் நாள் கழித்துச் சந்தித்தால் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், இல்லையென்றால் "என்ன இப்படி இளைச்சுட்டே" என்றாவது கேட்பார்கள். இந்த அக்காவுக்கும் தம்பிக்கும் அந்த வழக்கமெல்லாம் கிடையாது. பெட்டியைக் கீழே வைப்பதற்குள் முதல் கேள்வி, "எவ்வளவுக்குப் புடிச்சே?" விமான டிக்கெட்டைத்தான்.

ஆளுக்கொரு தேசத்தில் பிழைக்கப் போய் இருபது வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு வருஷம் இவள் போவாள், மறு வருஷம் அவன் வருவான். போன தடவை மற்றவர் கொடுத்ததைவிடக் குறைந்த விலைக்கு வந்து இறங்கினால் ஜெயம். இருக்கிற நாள் முழுக்கக் காபி கைக்கு வரும். கூடுதலாகக் கொடுத்திருந்தால் வந்தவரே எழுந்து எல்லோருக்கும் காபி போட வேண்டும். விலையை நேரில் வந்துதான் சொல்ல வேண்டும், போனில் சொன்னால் செல்லாது. இந்த வெட்டிப் பெருமைக்காக இரண்டு பேரும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தடவை தம்பி மூன்று விமானம் மாறி, முப்பத்தொரு மணி நேரம் பிரயாணம் செய்து வந்தான். காது அடைத்துப்போய் இரண்டு நாள் எதுவும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, ஜம்பத்துக்குக் குறைச்சலில்லை. கத்திக் கத்தியே பேசினான்.

அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு. பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று பதிந்து பதிந்து கண்ணாடி இரண்டு தடவை மாறிவிட்டது. டிப்போவில் யாருக்கு விமானத்தில் போக வேண்டியிருந்தாலும் இவளிடம்தான் வருவார்கள். வார நடுவில் கிளம்புங்கள், சனி ஞாயிறு பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள், பக்கத்து ஊர் விமான நிலையத்தையும் ஒரு பார்வை பாருங்கள், பெட்டிக்குக் காசு கேட்டால் துணியை உடம்பில் மாட்டிக்கொண்டு ஏறுங்கள் என்று வாய் வலிக்காமல் சொல்லிக்கொடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி மனைவி போன் செய்தாள். பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம். குளியலறைக்குள் நின்று பேசுகிறாள் என்று அக்காவுக்குப் புரிந்தது.

"அண்ணி, வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு அவரை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போறாங்க. நெஞ்சுல நாங்க நினைச்சதைவிடக் கோளாறு ஜாஸ்தியாம். பொழைக்கிறது பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொல்றாரு."

"அவனுக்குத் தெரியுமா?"

"அவர்கிட்டயும்தான் டாக்டர் சொன்னாரு. இவர் ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு. வெளிய வந்ததும், சின்ன ரிப்பேர்தானாம், ரெண்டு வாரத்துல வேலைக்குப் போயிடலாம்னாரு. நானும் ஆமான்னுட்டேன். வேற என்ன சொல்றது?"

"நான் கிளம்பி வர்றேன்மா."

"வாங்க அண்ணி. ஆனா பதறியடிச்சு வந்த மாதிரி மட்டும் வந்துடாதீங்க. நீங்க முழு விலை குடுத்து டிக்கெட் எடுத்தீங்கன்னு தெரிஞ்சா போதும், நாம யாரும் வாயைத் திறக்கவே வேணாம், அவருக்குப் புரிஞ்சுடும். ஏதோ மலிவா கிடைச்சுது, வந்தேன்னு வந்து நில்லுங்க. அந்த நேரத்துல அவர் பயப்படக் கூடாது."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அக்கா முழு விலை கொடுத்தாள் என்றால், தன் கதை முடிந்தது என்று டாக்டரே எழுதிக்கொடுத்த மாதிரிதான் தம்பிக்கு.

நேர் விமானம் இருந்தது. செவ்வாய் சாயங்காலம் ஏறினால் புதன் காலை ஆஸ்பத்திரியில் நிற்கலாம். விலை இரண்டு மாதச் சம்பளம். கையில் காசு இல்லாமல் இல்லை. திரையில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், விரல் அழுத்த மாட்டேனென்றது. தம்பி பயந்துவிடக் கூடாதே என்பது ஒரு காரணம். மற்ற காரணத்தையும் சும்மா மறைப்பானேன்? பழக்கதோஷம். திங்கட்கிழமை பார்த்தாள், குறையவில்லை. செவ்வாய்க்கிழமை குறையும் என்று ஒரு நம்பிக்கை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்ததில் சாப்பாட்டு இடைவேளையில் ஒன்று அகப்பட்டது. புதன் காலை ஒரு கம்பெனி விமானத்தில் நடுவழி ஊர் வரை. அங்கே மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு கம்பெனி விமானத்தில் தம்பி ஊர் வரை. இரண்டும் தனித்தனி டிக்கெட். சேர்த்துப் பார்த்தால் முந்நூற்றுப் பத்து டாலர். புதன் ராத்திரி போய்ச் சேர்ந்துவிடலாம்.

தம்பியைக் கூப்பிட்டாள். "லீவு கிடந்துதுடா. நல்லதா ஒரு டிக்கெட்டும் மாட்டுச்சு. சும்மா உன்னை வந்து பாத்துட்டுப் போறேன்."

"எவ்வளவு?"

"வந்துதான் சொல்லுவேன்."

அவன் சிரித்தான். சிரித்து முடிக்க மூச்சு பத்தவில்லை.

தனித்தனி டிக்கெட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்காரனுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. இது அக்காவுக்குத் தெரியாதா? டிப்போவில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள், அவசரக் காரியத்துக்கு இப்படிப் போகாதே என்று. சொன்னவளே போய் ஏறினாள்.

ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று சட்டை, அதன் மேல் ஒரு கம்பளிக் கோட்டு. உட்கார இடம் தேர்ந்தெடுக்கத் தனிக் காசு என்பதால் அவர்களாகக் கொடுத்த நடு இருக்கை. இந்தப் பக்கம் ஒரு தோள், அந்தப் பக்கம் ஒரு தோள், கை வைக்க இடமில்லை. கதவைச் சாத்திவிட்டு விமானம் நகராமலே நின்றது. ஏதோ விளக்கு எரியவில்லையாம். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றே முக்கால் ஆயிற்று. அக்கா தன்னையறியாமல் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நிமிஷங்களை மனசுக்குள் பதிந்துகொண்டிருந்தாள். வியர்வை முதுகில் வழிந்தது. கோட்டைக் கழற்றலாம் என்றால் முழங்கையை மடக்கக்கூட வழியில்லை.

மேலே போன பிறகு குளிர் பிடித்தது. முன்னால் இருந்தவர் இருக்கையைப் படாரென்று சாய்த்தார், அது இவள் முழங்காலில் வந்து உட்கார்ந்தது. மூக்கு காய்ந்து எரிந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்றால், ஓரத்தில் இருந்தவர் வாயைத் திறந்து தூங்குகிறார், கழிவறைக்கு அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். குடிக்காமலே இருந்தாள். பின்னால் ஒரு குழந்தை விடாமல் அழுதது. அழட்டும், பாவம், அதற்காவது அழ முடிகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

நடுவழி ஊரில் இறங்கி ஓடினாள். மூன்று சட்டையோடு ஐம்பத்தாறு வயதுப் பொம்பளை ஓடுவது பார்க்க நன்றாகவா இருக்கும்? வரிசையில் முன்னால் நின்றவர்களிடம் கெஞ்சினாள். சிலர் விட்டார்கள், சிலர் முறைத்தார்கள். கவுன்ட்டருக்குப் போனபோது விளக்கை அணைத்துவிட்டு அங்கிருந்த பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். மூடிப் பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

"அடுத்தது எப்பம்மா?"

"எங்க விமானம் இனிமே வெள்ளிக்கிழமைதாம்மா."

"வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு நான் அங்க இருந்தாகணும். என் தம்பிக்கு ஆபரேஷன்."

அந்தப் பெண்ணுக்கு மனசு இருந்தது, அதிகாரம்தான் இல்லை. பையைத் திரும்பக் கீழே வைத்துவிட்டு வேறு கம்பெனிகளைத் தேடிப் பார்த்தாள். நடுராத்திரிக்கு மேல் ஒரு விமானம், காலை எட்டுக்குப் போய்ச் சேரும், ஒரே ஒரு இடம். விலையை வாயால் சொல்லக் கூச்சப்பட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. ஞாயிற்றுக்கிழமையே நேர் விமானத்தை எடுத்திருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது. அக்கா கார்டை நீட்டினாள். அழுகையெல்லாம் வரவில்லை. தன்னையே நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது.

கடைசி வரிசை, கழிவறையை ஒட்டிய இடம். அந்த இருக்கை சாயாது. வருகிறவன் போகிறவன் எல்லாம் தோளில் இடித்துக்கொண்டு போனான். கால் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மறுத்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு விலையை ஒத்திகை பார்த்தாள். முந்நூத்துப் பத்து. ரெண்டும் சேத்து முந்நூத்துப் பத்துடா. சாதாரணமாகச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பெருமையும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சந்தேகம் வரும். நடுவில் ஒரு தடவை கண்ணயர்ந்தாள், யாரோ கதவைச் சாத்தியதில் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். அவனை உயிரோடு பார்த்துவிட வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது முப்பத்தைந்து. தம்பி பச்சை அங்கியில் படுத்திருந்தான். மார்பில் முடியை மழித்திருந்தார்கள். பக்கத்தில் மனைவி அவன் கண்ணாடியையும் மோதிரத்தையும் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவுக்குப் புடிச்சே?" என்றான்.

"முந்நூத்துப் பத்து."

"ரெண்டு விமானமும் சேத்தா?"

"ரெண்டும் சேத்துத்தான். என்னை என்னன்னு நினைச்சே?"

"அப்போ நீதான் ஜெயிச்சே. காபி இவ போடுவா." தம்பி மனைவி சிரிக்கப் பார்த்தாள். அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விமானம் தாமதமான கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். விளக்கு எரியாதது, குழந்தை அழுதது, முழங்காலில் விழுந்த இருக்கை, நடுவழி ஊரில் கம்பெனி மாறியது. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அக்கா, அந்த ரெண்டாவது கம்பெனிக்கு புதன்கிழமையை விட்டா வெள்ளிக்கிழமைதானே விமானம்?"

தம்பி மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உனக்கெப்படிடா தெரியும்?"

"நானும் பாத்துட்டுத்தானே இருந்தேன்." அவன் மெதுவாகப் பேசினான், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு தேவைப்பட்டது. "போன வாரம் திங்கக்கிழமை டாக்டர் சொன்னதிலேர்ந்து பாக்கறேன். உன்னைக் கூப்பிடணும். சும்மா கூப்பிட்டா பயந்துடுவே. கொஞ்சம் விலை குறையட்டும், மலிவா இருக்கு வாக்கான்னு சொல்லிடலாம்னு பத்து நாளா பாத்தேன். ஒரு காசு குறைய மாட்டேங்குது."

டாக்டர் சொன்னது அவன் காதில் விழுந்துதான் இருந்தது. மனைவி அவனைப் பார்த்தாள், அவன் அவளைப் பார்த்தான். இத்தனை நாள் ஒரே வீட்டுக்குள் ஒருத்தருக்கொருத்தர் தெரியாதது போல நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது.

"உண்மைல எவ்வளவு?"

"மொத்தம் ரெண்டாயிரத்து நூறு."

"அடப்பாவமே. நல்லா தலையில மொளகா அரைச்சுட்டானுங்க உனக்கு." சிரித்தான். கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்க முடியவில்லை, கையில் ஊசி குத்தியிருந்தது. அக்கா தன் மூன்றாவது சட்டையின் கையால் துடைத்துவிட்டாள்.

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான்டா. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து."

கட்டிலைத் தள்ள இரண்டு பேர் வந்தார்கள். சக்கரத்தின் பூட்டை விடுவித்தார்கள். நடையில் அக்கா ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், வீங்கிய காலோடு கூடவே நடந்தாள் அக்கா. உள் கதவு வந்ததும் தள்ளியவர்கள் ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள்.

"திரும்பிப் போற டிக்கெட் எடுத்துட்டியா?" என்றான்.

"இல்லடா."

"இப்ப எடுக்காத. விலை ஏறினா ஏறட்டும்."

சரி என்றாள். கதவைத் திறந்து அவனை உள்ளே கொண்டு போனார்கள். மணி பத்து அடிக்க ஆறு நிமிஷம் இருந்தது.