ஓமானிலிருந்து வந்த புகைப்பெட்டி

காலை ஆறு மணிக்கே சுவிட்சைப் போட்டாயிற்று. ஏழரை ஆகியும் பெட்டி பச்சைத்தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்தது. சிவப்பு விளக்கு மட்டும் என்னவோ பெரிய சாமர்த்தியம்போல எரிந்தது. கிளாராவுக்கு வந்த ஆத்திரத்துக்கு ஓர் உதை விட்டிருப்பாள். ஓமானில் ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கும் கணவன் ஞானதாசன் கப்பலில் அனுப்பியது என்பதால் காலை அடக்கிக்கொண்டாள்.

மீனுக்குப் புகை போடும் கரண்டு பெட்டி அது. "இது ஓடிச்சுன்னா அடுத்த மாசம் ஊருக்கு வந்திருவேன். பொறவு போகமாட்டேன்," என்று சொல்லியிருந்தான். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அப்படிச் சொல்கிறான். நாகர்கோவில் ஓட்டல்காரர் ஒருவர் சாயங்காலம் வந்து புகைபோட்ட சூரைமீனை ருசி பார்ப்பார். அவருக்குப் பிடித்துவிட்டால் சொந்த ஊரான குறும்பனையிலேயே பிழைப்பு. இல்லையென்றால் அவன் இன்னும் இரண்டு வருடம் அங்கேதான்.

பியூஸைப் பார்த்தாள். அதே பிளக் பாயிண்டில் மிக்சி ஜோராக ஓடியது. வேறு வழியில்லாமல் ஞானதாசனுக்கு மிஸ்டு கால் கொடுத்தாள். அவன் உடனே கூப்பிட்டான்.

"லைட்டு எரியுது. சூடுதான் இல்ல."

"அப்பம், உள்ள சூடாக்குற கம்பிக்குக் கரண்டு போகல்ல. பொறத்த உள்ள தகட்டக் கழத்தணும். மொதல்ல பிளக்கப் பிடுங்கு."

"சுவிட்ச ஆப் பண்ணியாச்சு."

"அது போராது. பிளக்கப் பிடுங்கு, ஏட்டி! பிடுங்கினியா?"

"பிடுங்கியாச்சு."

"சத்தியமாட்டு?"

கிளாராவுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது வருடம் ஒற்றை ஆளாக வீட்டை ஓட்டியவளுக்கு இதுகூடவா தெரியாது? திருகாணிகளைக் கழற்றித் தகட்டை எடுத்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே அவன் சொன்னான்.

"எடது பக்கம், கீழ. திருகாணி கரிஞ்சிருக்கும். வயரு விட்டிருக்கும்."

அப்படியேதான் இருந்தது. கிளாரா திடுக்கிட்டுப் போனாள்.

"அங்க இருந்துகிட்டு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

போனில் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது.

"கேக்கியளா?"

"அண்ணைக்கும் அந்த வயருதான் விட்டுது. நான் சுவிட்ச நம்பிக் கைய உட்டேன். வலது கையில மூணு வெரல ஆசுபத்திரியில எடுத்துட்டானுவ, கிளாரா. ஏழு மாசமாச்சு."

ஈஸ்டருக்கு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லி அவள் கெஞ்சியதையும், அவன் ஏதேதோ சொல்லி மழுப்பியதையும் நினைத்தாள். ஏழு மாதமாக ஒன்றும் தெரியாமல் தின்று தூங்கியிருக்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"நட்டஈடு ஒண்ணும் தரல்லியா ஒங்க ஓட்டல்காரனுவ?" கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"தந்தானுவளே. பழைய பெட்டிதானே, கொண்டு போன்னு தந்தானுவ. உனக்க முன்னால இருக்குல்லா."

கிளாரா பெட்டிமேலிருந்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இது சூடானாலும் சரி, ஆகல்லேன்னாலும் சரி," என்றாள். "நீங்க வந்திருங்க."