கைதட்டலுக்குத் திறந்த கதவு

அரங்கில் அந்த மாதம் முழுக்க ஜாஸ் கச்சேரி. தாமதமாக வருபவர்களைப் பாட்டு முடிந்தபிறகே உள்ளே விட வேண்டும் என்று வாசலில் டிக்கெட் பார்க்கும் அம்மாளுக்கு உத்தரவு. முதல் நாள் கைதட்டல் கேட்டதும் கதவைத் திறந்தாள். கூட்டம் திமுதிமுவென நுழைந்தது, பாட்டோ ஓடிக்கொண்டிருந்தது. ஜாஸில் ஒருவர் தனியாக வாசித்து முடித்தாலே பாட்டு நடுவில் கைதட்டுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. மேலாளர் முறைத்தார்.

குழம்பிப்போனவள் இடைவேளையில் டிரம்ஸ்காரரை மடக்கினாள். "பாட்டு முடிஞ்சிருச்சுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"எனக்கே தெரியாதும்மா. பியானோக்காரர் மூஞ்சியப் பாத்துத்தான் நிறுத்துவேன்."

மறுநாள் கதவிடுக்கு வழியே அவளும் அந்த முகத்தையே பார்த்தாள். அவரோ கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. 'வர்றது வரட்டும்' என்று திறந்துவிட்டாள்.

யாரும் உள்ளே போகவில்லை. காத்திருந்தவர்கள் வாசலிலேயே நின்று கேட்டார்கள். மூடுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவளும் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.