பத்தாம் மாடிக்கு ஒரு நாற்காலி

லிஃப்ட்காரர் செய்த காரியத்துக்கு வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது. இல்லாத மனிதர் ஒருவருக்குக் கூட்டத்தில் இடம் பதிவு செய்தவர் அவரேதான்.

வலைப்பதிவர்களுக்கான சமூக ஊடகக் கூட்டம் அது. அனுமதி இலவசம். நூலகத்தின் மேல்மாடிக் கூடத்து வாசலில் ஒருங்கிணைப்பாளர் பெயர் அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லிஃப்ட்காரருடைய அட்டையைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றையும் எடுத்து நீட்டினார்.

"சார், இந்தப் 'பத்தாம் மாடி' உங்க நண்பர்தானே? உங்க பதிவுல அவரைத்தான் எப்பவும் பார்ப்பேன். வரலியா?"

"வந்துக்கிட்டே இருக்கார்."

"அப்ப நீங்களே கொடுத்திடுங்க." பட்டியலில் இரண்டு பேருக்கும் டிக் விழுந்தது. லிஃப்ட்காரர் அந்த அட்டையைத் திருட்டுப் பொருள் மாதிரிச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

அவர் இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்ப்பவர். வீட்டில் தனி ஆள். மூன்று வருடத்துக்கு முன்னால் 'இரண்டு மாடிகளுக்கு நடுவே' என்று ஒரு வலைப்பதிவு தொடங்கினார். முதல் வருடம் ஈ காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை. தங்கையைக் கேட்டால், "அதான் லைக் போட்டேனே அண்ணா, இன்னும் என்ன?" என்பாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், கடைசியில் தனக்கு ஒரு வாசகரைத் தானே தயாரித்துக்கொண்டார். அவர் பராமரிக்கும் கட்டடங்களில் ஒன்பதுக்கு மேல் மாடி கிடையாது. அதனால் வாசகருக்குப் 'பத்தாம் மாடி' என்று பெயர். பத்தாம் மாடி தங்கமான மனிதர். பதிவு வெளியான பத்தாவது நிமிடம், 'அருமை ஐயா, கண் கலங்கிவிட்டேன்' என்று எழுதிவிடுவார்.

அதோடு நின்றிருந்தால் தொல்லை இல்லை. ஒருநாள் பத்தாம் மாடியின் கணக்கிலிருந்து வெளியே வர மறந்து, வேறொருவர் பதிவில் போய்ப் பின்னூட்டம் எழுதிவிட்டார். அது ஜெராக்ஸ் கடை நடத்தும் ஒரு அம்மாவின் 'மூடிக்கு அடியில்' என்ற பதிவு. நகல் எடுக்க வருகிறவர்கள் இயந்திரத்தின் மூடிக்கு அடியில் மறந்துவிட்டுப் போகும் காகிதங்களைப் பற்றி எழுதுவார். பாதிக் கடிதம், பழைய மதிப்பெண் பட்டியல், யாருடைய இதயத்தைப் பற்றியோ ஒரு மருத்துவ அறிக்கை. அந்த அம்மா பதில் எழுதினார். இவர் பதிலுக்குப் பதில் எழுதினார். அது தனிச்செய்தியாகி ஆறு மாதம் ஓடியது. தன் பெயரில் எழுதக் கூசியதையெல்லாம் பத்தாம் மாடி பெயரில் எழுதினார். யாருமே வருவதில்லையே, வீட்டு அழைப்பு மணி பழுதோ என்று சந்தேகப்பட்டு, தானே வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மணியை அழுத்திப் பார்த்ததைக்கூட எழுதினார்.

போன வாரம் அந்த அம்மா, 'கூட்டத்துக்கு வருவீர்களா? வருபவர் பட்டியலில் உங்கள் பெயரைக் காணோமே' என்று கேட்டார். அடுத்த நிமிடமே பத்தாம் மாடி பட்டியலில் ஏறிவிட்டார். கூட்டத்தன்று காலையில் அவருக்குக் காய்ச்சல் வரவழைத்துவிடலாம் என்பது திட்டம். விடிந்ததும் கைபேசியை எடுத்தார்; 'காய்ச்சல்' என்று தட்டவும் செய்தார். அனுப்ப மனம் வரவில்லை.

கூடத்துக்குள் நுழைந்ததுமே கழுத்தில் கேமரா தொங்கிய ஒரு பயணப் பதிவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். "அண்ணே, உங்க பிளாக் செமண்ணே!"

"எந்தப் பதிவு தம்பி?"

"எல்லாமே சூப்பர்ண்ணே. டச்ல இருப்போம்." அடுத்த தோளுக்குப் போய்விட்டார்.

மூன்றாவது வரிசையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் 'மூடிக்கு அடியில்' என்ற அட்டை, கட்டைவிரலில் அழியாத மைக்கறை. பக்கத்து நாற்காலியில் கைப்பை.

"இங்க உக்காரலாங்களா?"

"இதுக்கு ஆள் வர்றாருங்க. அதுக்கு அடுத்தது காலிதான்."

தனக்காகப் பிடித்து வைத்த இடத்தைத் தாண்டிப் போய் லிஃப்ட்காரர் உட்கார்ந்தார்.

மேடையில் சமூக ஊடக ஆலோசகர் கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தார். "உங்க வாசகர் யாரு? எப்ப சாப்பிடுறார், எப்ப தூங்குறார்? அவரை அக்குவேறா ஆணிவேறா தெரிஞ்சு வச்சிருக்கணும்!" லிஃப்ட்காரருக்குத் தன் வாசகர் எந்த ரத்த அழுத்த மாத்திரை விழுங்குகிறார் என்பது வரை தெரியும்.

சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. மறைத்துப் பார்த்தார். அந்த அம்மா பத்தாம் மாடிக்கு அனுப்பிய செய்தி: 'எங்கே இருக்கீங்க? லிஃப்ட்ல மாட்டிக்கிட்டீங்களா?'

இடைவேளையில் அந்த அம்மா இரண்டு கோப்பை டீயோடு வந்தார். ஒன்றைக் காலி நாற்காலியில் வைத்து, ஈ விழாமல் மேலே ஒரு பிஸ்கட்டால் மூடினார். பிறகு இவருடைய அட்டையைக் கவனித்தார்.

"நீங்கதான் 'இரண்டு மாடிகளுக்கு நடுவே' லிஃப்ட்காரரா? பத்தாம் மாடி உங்க தீவிர வாசகராச்சே! ஆள் எப்படி இருப்பார்?"

"பார்க்க என்னை மாதிரிதாங்க. ஆனா என்னைவிட நல்லவர்."

"வருவார்தானே?"

அந்தக் குரலைக் கேட்டதும் லிஃப்ட்காரருக்கு மணியை அழுத்திவிட்டு வாசலில் நின்ற தன் நினைப்பே வந்தது. பையிலிருந்த அட்டையை எடுத்தார். டீக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்த அம்மா அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கைபேசியில் ஒரே ஒரு கேள்விக்குறியைத் தட்டி அனுப்பினார். லிஃப்ட்காரரின் சட்டைப் பை அதிர்ந்தது.

அந்த அம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு நீங்களே 'கண் கலங்கிட்டேன்'னு எழுதிக்கிட்டது?"

"நான்தாங்க."

"கலங்குச்சா?"

"இல்லீங்க."

"காலிங் பெல் விஷயம்?"

"அது மட்டும் நிஜம். நீங்க கேக்காதது ஒண்ணு இருக்கு. பெல் நல்லா சத்தமா அடிச்சுது. அதான் சங்கடமாப் போச்சு."

அந்த அம்மாவின் வாயோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. மேடையில் மைக் கொரகொரத்தது; எல்லோரையும் உட்காரச் சொன்னார்கள். லிஃப்ட்காரர் எழுந்தார். எப்படியும் போகப் போகிறோம், கேட்டுவிட்டே போகலாம் என்று தோன்றியது.

"என் பதிவைப் படிச்சிருக்கீங்களா? எப்படி இருக்கு?" 'சூப்பர்' என்ற சொல்லை வாங்கிக்கொள்ள முகத்தைத் தயார் செய்துகொண்டார்.

"ரெண்டு படிச்சேன். மூணாவதைப் பாதியில விட்டுட்டேன். கம்பி இருக்கு, கப்பி இருக்கு, மோட்டார் இருக்கு, உள்ளே ஒரு ஆள் இல்ல. எனக்குப் பிடிக்கல." அந்த அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பெல் அடிச்சுப் பார்த்தாரே, அவரைப் பிடிச்சுது. ஆறு மாசம் ஏமாத்தினாரே, அவர்மேல கோபம் இருக்கு. இன்னைக்குள்ள போகாது. டீ ஆறிடுச்சு. குடிக்கிறதுன்னா உக்காந்து குடிங்க."