மண்ணெண்ணெய் வரிசையில் ஓர் இடம்

மாரிசெல்வம் தாராவியில் ஏசி மெக்கானிக். தங்கமான பையன்தான், ரோஷம் மட்டும் ஒரு குடம் கூடுதல். தங்கை மாரீஸ்வரி தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மாட்டுங்காவில் ஓர் அரசாங்கக் கட்டடத்தில் இசக்கியோடு கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டாள் என்று மூன்று வருடமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிகிறான். மாப்பிள்ளை மேல் குறையா? மருந்துக்குக்கூடக் கிடையாது. ‘எங்கிட்ட சொல்லலையே’ என்பதுதான் அவன் வயிற்றெரிச்சல்.

வருகிற ஞாயிறு, செம்பூரில் அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்துவார்கள்? வெற்றிலை பாக்கோடு அழைக்க இரண்டு தடவை வந்தாள். இவன் கதவைத் திறக்கவில்லை. போனிலும் அவளை பிளாக் செய்து வைத்திருந்தான்.

“ஏல, பிள்ளைய யாரு மடியில வைப்பா அவ?” என்றாள் அம்மா.

“மும்பைல மடிக்கா பஞ்சம்?” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டான். சொன்னானே தவிர, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணன் தங்கை இருவருக்கும் முன்பு ஒரு கிறுக்கு உண்டு, ஜியோகேஷிங். உலகம் பூரா யாராவது ஒரு சின்ன டப்பாவை எங்கேயோ ஒளித்துவிட்டு, ஆப்பில் ஒரு புதிர் போடுவார்கள். விடையில் வரும் எண்களைப் போட்டால் மேப் இடத்தைக் காட்டும். போய்த் தேடி எடுக்கலாம். டப்பாவிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும், அதுதான் சட்டம். வெள்ளிக்கிழமை அந்த ஆப்பில் புதிதாக ஒரு புதிர் வந்தது. போட்டவள் மாரீஸ்வரி.

‘மாட்டுங்காவில் ஓர் அரசாங்கக் கட்டடம். முதலில் அங்கே மருந்து கொடுத்தார்கள். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். இப்போது ஜோடி சேர்க்கிறார்கள். மூன்றும் தொடங்கிய வருடங்களைக் கூட்டுங்கள்.’

எந்தக் கட்டடம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘எனக்குத் தெரியாமலா விடை?’ என்று முணுமுணுத்தபடி பைக்கை எடுத்தான். டிஸ்பென்சரி வருடம் கேட்டுக்கு அருகே கல்லில் இருந்தது. மண்ணெண்ணெய் டிப்போ வருடம் பக்கச் சுவரில். மூன்றாவதைப் பார்க்க உள்ளே போக வேண்டும். அந்த வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் போட்ட ஆசாமியாயிற்றே! தங்கை கையெழுத்துப் போட்ட வருடத்தையே மூன்றாவதாகப் போட்டுக் கூட்டினான். அவனைப் பொறுத்தவரை அந்த ஆபீஸ் பிறந்ததே அன்றைக்குத்தான்.

மேப் அவனை ஒரு மீன்காரியின் கூடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. “சுர்மயி ஹவா கா?” என்று வஞ்சிரம் வேண்டுமா எனக் கேட்டாள் அவள். டப்பாவும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. கோபத்தோடு திரும்பி வந்து, போகட்டும் சனியன் என்று படியேறினான்.

“கவாஹ் ஹோ க்யா?” என்றார் காவலாளி. சாட்சியா என்று கேட்கிறார்.

“ஹான் பாய். தோடா லேட் ஹோ கயா,” ஆமாம், கொஞ்சம் லேட்டாகிவிட்டது என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்.

உள்ளே பெஞ்சில் கல்யாண மாலையோடு ஒரு பெண். பக்கத்தில் பையன் ஏதேதோ சிரித்துப் பேச, அவள் கண் மட்டும் வாசலுக்கே போய் வந்தது. யார் காலடிச் சத்தம் கேட்டாலும் நிமிர்ந்தாள். மாரிசெல்வம் நுழைந்தபோதும் நிமிர்ந்து, இவனில்லை என்று தலையைத் தாழ்த்திக்கொண்டாள். நம்ம ஈஸ்வரியும் இப்படித்தானே வாசலைப் பார்த்திருப்பாள், அடப்பாவி, என்று அவனுக்கு நெஞ்சு கனத்தது. பலகையில் இருந்த வருடத்தை இரண்டு தடவை படித்த பிறகுதான் மனதில் பதிந்தது.

சரியான எண்ணைப் போட்டதும் மேப் அதே கட்டடத்தின் கொல்லைப்புறத்தைக் காட்டியது. சின்ன வயதில் மண்ணெண்ணெய்க்கு வரிசை கட்டிய இடம். கேனை வைத்தால் அது ஆளுக்குச் சமம். இவன் கேனை வைத்துவிட்டு கிரிக்கெட் ஆட ஓடிவிடுவான். யாராவது அதை நகர்த்தினால் சுண்டைக்காய் அளவு இருந்த ஈஸ்வரி, “எங்கண்ணன் எடம்! தொட்டா கடிப்பேன்!” என்று ஊரையே கூட்டுவாள்.

சுவர்ப் பொந்தில் டப்பா இருந்தது. உள்ளே அந்தப் பழைய கேனின் மூடி, அடையாளத்துக்கு அவள் கட்டிய சிவப்பு ரிப்பனோடு.

அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதான். அழுது முடித்து பிளாக்கை எடுத்துவிட்டு போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“ஏட்டி, எடம் இருக்கா?”

“புடிச்சுத்தானண்ணே வச்சிருக்கேன்.” அவளுக்கும் குரல் உடைந்தது. “அன்னைக்கு நீ வேண்டாம்னு சொல்லிட்டா என்ன செய்யன்னு பயந்துட்டேன். வாசலையே பாத்துட்டிருந்தேன், எப்படியாவது தெரிஞ்சு வந்துர மாட்டியான்னு.”

“மூடிய எடுத்துக்கிட்டேன்,” என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “பதிலுக்கு என்னத்த வைக்க?”

“உன் கோவத்த வச்சிட்டு வா.”

“அது அந்த டப்பாக்குள்ள அடங்காதுட்டி.” சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. பைக் சாவியில் தொங்கிய சின்ன ஸ்குரூ டிரைவரைக் கழற்றி டப்பாவில் வைத்து மூடினான். பிறகு, “பிள்ளைக்குத் தோடு நான்தான வாங்கணும்? உங்கிட்ட கேக்காம வாங்க மாட்டேன். செம்பூர் ஸ்டேஷன்கிட்ட வந்து நிக்கேன், பிள்ளையத் தூக்கிட்டு வா,” என்றான்.